முதல் பக்கம் இல்லாத மனு

அத்தியாயம் 11

காலை ஒன்பது பத்துக்கு சரிதா தன் இடத்துக்கு மேலிருந்த சிவப்பு விளக்கைப் போட்டாள்.

கம்பெனி லைனில் அந்த விளக்கு எரிந்தால், இங்கே நிற்பவள் பாத்ரூம் போக வேண்டும் என்று அர்த்தம். ரிலீவர் வந்து கையிலிருக்கும் ஒயர்க்கட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் நகரலாம். இன்று இரண்டு ரிலீவர்கள் லீவு. விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. சரிதா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வண்டிக்கான ஒயர்களைப் பலகையில் பரப்பினாள்.

அடிவயிறு காந்தியது. இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்று சூளகிரி டாக்டரம்மா சொன்னபோது சரிதாவுக்குச் சிரிப்புதான் வந்தது. கம்பெனியில் குடித்தால் விளக்கைப் போட வேண்டும். வீட்டில் குடித்தால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் குடிக்காமல் இருப்பதுதான் சுலபம்.

ஒன்பது நாற்பதுக்கு ரிலீவர் வந்தாள். போய்விட்டு வந்த கையோடு சூப்பர்வைசர் ரத்தினவேல் முன்னால் நின்று கேட் பாஸ் கேட்டாள். எதற்கு என்றார். கிராம சபை என்றாள்.

"உங்க வீட்லயே வார்டு மெம்பர் இருக்காங்கல்ல? அவங்க போனா பத்தாதா?"

"மெம்பரம்மாவோட புருஷன்தான் சார் போவாரு. அதனாலதான் நான் போறேன்."

ரத்தினவேல் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் சரிதா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்பது நாள். ஒன்பது நாளும் ஷிப்ட் முடிந்து வந்து, காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய கையெழுத்துகள். தன்னுடையதையும் சேர்த்து நாற்பத்திரண்டு. அதில் பதினொன்று கைநாட்டு.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. காலனிக் கடைசியில் பெண்களுக்கென்று கட்டிய சுகாதார வளாகம் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதற்குத் தண்ணீர் தந்த போர்வெல்லில் இப்போது தண்ணீர் வியாபாரி பெருமாளின் டேங்கர்கள் தண்ணீர் பிடிக்கின்றன. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் மட்டும் அந்தத் தண்ணீரை வளாகத்துக்குத் திருப்பி விடுங்கள். சாவியைப் பெண்களிடம் கொடுங்கள். அவ்வளவுதான்.

புதருக்கு ஒதுங்கிக்கொண்டிருந்த ஏரிக்கரைப் பக்கம் முழுக்க இப்போது கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர். மிச்சமிருப்பது பைபாஸ் ஓரத்துச் சரிவு. லாரி வெளிச்சம் பட்டால் எழுந்து நிற்க வேண்டும். வெளிச்சம் போனதும் உட்கார வேண்டும்.

மனுவை எழுதியது ரங்கம்மாவின் மகள் ஹரிணி. ஒன்பதாம் வகுப்பு. சரிதாவின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் முதலில் ஹரிணியின் கணக்கு ரஃப் நோட்டில் எழுதித் திருத்தி, பிறகு வெள்ளைத்தாளில் அழகாக எடுத்தார்கள். அதில் ஒரு வரியை ஹரிணி தானாகவே சேர்த்திருந்தாள். 'மாதத்தில் மூன்று நாள் நான் பள்ளிக்குப் போவதில்லை.' சரிதாதான் 'நான்' என்பதை அடித்து 'மாணவிகள்' என்று மாற்றச் சொன்னாள்.

முந்தாநாள் அந்த மனுவை மாமியார் நாராயணம்மாவின் கையில் கொடுத்து, வார்டு மெம்பர் என்ற முறையில் பஞ்சாயத்துச் செயலரிடம் சேர்க்கச் சொல்லியிருந்தாள். சேர்த்துவிட்டேன் என்று நாராயணம்மா சொன்னாள்.

சொன்னபோது அவள் முகத்தை சரிதா பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

*

பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்னால் பந்தல். உலகத் தண்ணீர் தினம் என்று ஒரு பேனர். ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குத் தார்ப்பாய். மேசையை ஒட்டி வார்டு மெம்பர்களுக்குப் போட்ட வரிசையில், நாராயணம்மாவின் நாற்காலியில் அவள் கணவர் திம்மப்பன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர்தான் 'மெம்பர்'. நாராயணம்மா தார்ப்பாயின் ஓரத்தில், கால்களை ஒரு பக்கமாக மடக்கி, ஏதோ வலியை மறைப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

காலனிப் பெண்களில் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்தவர்கள். ரங்கம்மா நகர்ந்து சரிதாவுக்கு இடம் கொடுத்தாள்.

"வந்தியா. நம்முது எப்ப வரும்?"

"வரும்க்கா. வரவு செலவு படிச்சதும் வந்துரும்."

செயலர் ஆஞ்சப்பன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். தெருவிளக்கு. சிமெண்ட் ரோடு. ஆறாவதாக வந்தது.

"பொருள் எண் ஆறு. வார்டு மூன்றில் அனைத்து வீடுகளிலும் தனிநபர் கழிப்பறை கட்டி முடிக்கப்பட்டுவிட்டபடியால், மகளிர் சுகாதார வளாகம் தேவையில்லை எனவும், அதன் குடிநீர் இணைப்பைத் துண்டித்து, கட்டடத்தைக் கிடங்காகவும், ஆழ்துளைக் கிணற்றைத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கும் அளிக்கலாம் எனவும், அவ்வார்டு மகளிர் நாற்பத்திரண்டு பேர் தாமாகவே முன்வந்து கையொப்பமிட்டுக் கொடுத்த மனு..."

சரிதாவுக்கு முதலில் வேறு ஏதோ வார்டு என்றுதான் தோன்றியது. நாற்பத்திரண்டு என்ற எண் காதில் விழுந்ததும் எழுந்துவிட்டாள்.

மேசைக்குப் போய்த் தாளைப் பார்த்தாள். மேலே கம்ப்யூட்டரில் அடித்த ஒரு பக்கம். அதன் கீழே மூன்று தாள். அவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாள்கள். வரிசை எண், பெயர், கையெழுத்து. ரங்கம்மாவின் ஊதாக் கைநாட்டு. கடைசியில் அவளுடைய கையெழுத்து.

கம்பெனியில் ட்ரெய்னிங் என்று சொல்லி மாதா மாதம் ஒரு தாள் வரும். பெயரும் கையெழுத்தும் மட்டும். என்ன ட்ரெய்னிங் என்ற தலைப்புத் தாள் பிறகு ஆபீசில் சேரும். நடக்காத எத்தனையோ ட்ரெய்னிங்குக்கு அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்த வித்தை அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், பழகிய கை அதே மாதிரிதான் கோடு போட்டிருந்தது. கையெழுத்துத் தாள்களில் எதற்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை.

"இது நாங்க குடுத்தது இல்ல. எங்க மொதப் பக்கம் எங்க?"

"இதான்மா மொதப் பக்கம்" என்றார் ஆஞ்சப்பன்.

"சார், இந்த மூணு தாள்லயும் பின் அடிச்ச ஓட்ட ரெண்டு ஜோடி இருக்கு. மேல இருக்குறதுல ஒரு ஜோடிதான் இருக்கு. பாருங்க. பிரிச்சி மாத்திருக்காங்க."

ஆஞ்சப்பன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, பொறுமையாகவே சொன்னார்.

"பின் ஓட்டைய எண்றதுக்கெல்லாம் கிராம சபை கூட்ட முடியாதும்மா. கையெழுத்து உன்னுதா இல்லியா, அத சொல்லு."

நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. திம்மப்பன் சிரிக்கவில்லை. பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிதா ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் நின்றாள். அதற்குள் ரங்கம்மா தார்ப்பாயிலிருந்து எழுந்து வந்து தன் கைநாட்டைப் பார்த்தாள். ரங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் எழுதிக் கொண்டுவந்த தாள், யார் வீட்டில் டேங்கர் ஓட்டுகிறார்கள் என்பதைக் கூட்டிப் பார்க்கத் தெரியும். கோபம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். இன்று எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

"டேங்கர் ஓட்றவன் பொண்டாட்டிய நம்பிக் கைநாட்டு வெச்சேன் பாரு, என்னைய செருப்பாலயே அடிக்கணும்."

"அக்கா, நான் இல்லக்கா."

"கோடு போட்டது நீதான? வூட்டு வாசல்ல வந்து நின்னது நீதான?"

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்கள். அவர்கள் போனதில் தீர்மானத்துக்குத் தூக்கிய கைகளை எண்ணுவது இன்னும் சுலபமாயிற்று. தீர்மானம் நிறைவேறியது. மெம்பரின் கையெழுத்து வேண்டுமென்று ஆஞ்சப்பன் சொன்னதும், திம்மப்பன் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். நாராயணம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, தேர்தலுக்கு நின்றபோது கற்றுக்கொண்ட ஆறு எழுத்தையும் நிதானமாக எழுதினாள்.

மருமகளின் பக்கம் திரும்பாமலே எழுதி முடித்தாள்.

*

போர்வெல் அருகில் சரிதாவின் கணவன் அஜித்குமார் டேங்கரின் மேல் நின்று ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தான். சரிதா கீழே நின்று நடந்ததைச் சொன்னாள். மோட்டார் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. ஆனாலும் அவன் முகம் மாறியது.

"சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "ஆனா தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பியான்னு மட்டும் கேக்காத. தண்ணி நின்னா வண்டி நிக்கும். வண்டி நின்னா நான் எங்க போவேன்?"

"நாங்க எங்கங்க போறது? தெனமும் எங்க போறோம்னு உங்களுக்குத் தெரியாதா?"

டேங்கர் நிரம்பி வழிந்தது. அவன் வால்வைச் சாத்தினான்.

"இந்த லோடு எங்க?" என்று கேட்டாள்.

"உங்க கம்பெனிக்குத்தான். பாத்ரூம் தொட்டிக்கு."

சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். வண்டியில் ஏறும்போது ஏதோ ஞாபகம் வந்தவன் போல நின்று, நேற்று காலையில் அம்மா அவனுடைய பழைய ஹோஸ் பைப்புகளைப் பின்பக்கத்துக் கழிப்பறையிலிருந்து எடுக்கச் சொன்னதாகச் சொன்னான். எதற்கு என்று கேட்டதற்கு, இடம் வேண்டும் என்றாளாம்.

டேங்கர் நகர்ந்ததும்தான் சரிதா அதைப் பார்த்தாள். போர்வெல் தொட்டியின் காலடியிலிருந்து ஒரு முழ அகலத்துக்குப் புதுமண். தோண்டி மூடியது. அவள் காலையில் ஆறு மணி ஷிப்டுக்குப் போகும்போது இது இல்லை.

மண் போன வழியே நடந்தாள். ரங்கம்மா வீட்டு வாசலைத் தாண்டியது. கைக்குழந்தையோடு கையெழுத்துப் போட்டவளின் வீட்டைத் தாண்டியது. திரும்பியது. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் அரசாங்கம் கட்டிக் கொடுத்த மஞ்சள் கழிப்பறை, ஒவ்வொரு கதவிலும் ஒரு பெண்ணின் பெயர். ஒன்றில் விறகு. ஒன்றில் கோழி. ஒன்றில் கதவே இல்லை. தண்ணீர் எதிலும் இல்லை. எந்த வீட்டிலும் நிற்காமல் போன புதுமண் அவள் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றது.

நாராயணம்மா என்று எழுதிய கதவுக்குள் நீலநிறக் குழாய். புதுத் தாழ்ப்பாள். புது பக்கெட்.

*

மாமனார் இன்னும் வரவில்லை. நாராயணம்மா வெந்நீர் அடுப்பின் முன்னால் குத்துக்கால் போட முடியாமல் ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, அந்த மொதப் பக்கம் எங்க?"

நாராயணம்மா அடுப்பைக் காட்டினாள். "நேத்து காலையில தண்ணி காய வெச்சேன்."

சரிதாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மாமா செய்யச் சொன்னாரா என்று கேட்டாள்.

"மொதப் பக்கத்த மட்டும் எடுத்துரு, மிச்சத்த நான் பாத்துக்கறேன், நம்ம வூட்டுக்குப் பைப்பு வரும்னாரு. அந்தப் பின்ன நான்தான் பிரிச்சேன். நகத்தால."

"வேற என்ன எழுதப் போறாங்கன்னு கேக்கலியா?"

"கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். அதான் கேக்கல."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நாராயணம்மா நெருப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். கர்ப்பப்பை இறங்கிவிட்டது. ஏழு மாதமாகிறது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் என்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. துணி வைத்துக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். அரை மணிக்கு ஒருதரம் போக வேண்டியிருக்கிறது. சரிவில் இறங்கினால் ஏற முடிவதில்லை. போன வாரம் அங்கேயே விழுந்து, லாரி வெளிச்சம் மேலே பட, எழ முடியாமல் கிடந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, அத்தே."

"சொன்னா என்னா பண்ணியிருப்ப? நாப்பத்திமூணாவது கையெழுத்து வாங்கியிருப்ப."

சரிதா மாமியார்மேல் வந்த கோபத்தை வைக்க இடம் தெரியாமல் அடுப்புச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹரிணியின் வட்ட வட்டமான எழுத்து அதில் எங்கேயோ கிடந்தது.

*

ஐந்தரை மணிக்கு வாசலில் ஆள் அரவம். சரிதா எட்டிப் பார்த்தாள். ரங்கம்மா முன்னால். பின்னால் பதினைந்து, இருபது பெண்கள். காலையில் தார்ப்பாயிலிருந்து எழுந்து போனவர்கள்தான்.

அவள் தயாராகிவிட்டாள். திட்டட்டும். அடித்தாலும் அடிக்கட்டும். அப்புறம் கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம் என்பாள். கையெழுத்துப் போட்ட நாற்பத்திரண்டு பேரும் கிருஷ்ணகிரிக்குப் போய் நேரில் நின்றால், எந்தத் தாளாலும் அதை மறைக்க முடியாது. மத்தியானம் முழுக்க அவள் அதைத்தான் யோசித்து வைத்திருந்தாள். படியிறங்கி வந்து சொல்லவும் ஆரம்பித்தாள்.

ரங்கம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். குரலில் காலைக் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது.

"நீ பண்ணது பண்ணிட்ட. அத விடு. மெம்பரண்ணன்கிட்ட சொல்லி எங்க வூட்டுக்கும் ஒரு பைப்பு இழுத்துக் குடுக்கச் சொல்லும்மா. எங்க வூட்ட தாண்டித்தான வருது."

"ரங்கம்மாக்கா, அந்தத் தண்ணி எல்லாருக்கும் வராதுக்கா. டேங்கருக்குப் போவ மிச்சம் ரெண்டு வூட்டுக்குக்கூட..."

"அப்ப ரெண்டாவது வூடு என்னுதா இருக்கட்டும்."

பின்னாலிருந்து ஒருத்தி, ரங்கம்மாவுக்கு மட்டும் ஏன் என்றாள். இன்னொருத்தி தன் மருமகள் பிள்ளைத்தாய்ச்சி என்றாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் சரிதாவை மறந்துவிட்டார்கள். யார் வீடு குழாய்க்கு எத்தனை அடி பக்கம் என்பதுதான் பேச்சாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் திம்மப்பன் வந்தார். கூட்டத்தைப் பார்த்து முதலில் தயங்கினார். விஷயம் புரிந்ததும் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி வாசலில் உட்கார்ந்தார். ஒருத்தரையும் விடமாட்டேன், எல்லாருக்கும் பேசிப் பார்க்கிறேன் என்றார். பெருமாளிடம் சொல்ல வேண்டும், கொஞ்ச நாள் ஆகும் என்றார். பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தொடைமேல் வைத்து மூன்று கோடு கிழித்தார்.

"பேரு சொல்லிட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மேல நான் எழுதிக்கறேன்."

"போடாதீங்கக்கா" என்றாள் சரிதா.

யாரும் திரும்பவில்லை. ரங்கம்மா கட்டைவிரலை நீட்டினாள். திம்மப்பன் மையை எடுத்தார். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

சரிதா உள்ளே நடந்தாள். உள்ளேயிருந்து பின்பக்கம். காலை ஒன்பது நாற்பதுக்குப் போனது. அடிவயிறு நெருப்பாக இருந்தது. சரிவுக்கு இருட்டும்வரை காத்திருக்கலாம். காத்திருக்கத்தான் நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை.

மாமியாரின் பெயர் எழுதிய கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். இரத்தம் கலந்து போயிற்று. குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தது. சுத்தமான, குளிர்ந்த, நல்ல தண்ணீர். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

கதவை யாரோ விரலால் தட்டினார்கள்.

"அக்கா, நான் ஹரிணி."

சரிதா மூச்சை அடக்கினாள்.

"அந்த ரஃப் நோட்டு எங்கிட்டதான் இருக்கு. நாம மொதல்ல எழுதினது, அடிச்சது, எல்லாமே இருக்கு. தேதிகூட போட்டிருக்கேன். அம்மா அத அடுப்புல போடச் சொல்லுது. 'நான்'னு எழுதியிருக்கேன்ல, அந்த மூணு நாள் விஷயம், அத யாராவது பாத்தா அசிங்கமாம். அப்புறம் பைப்பும் தரமாட்டாங்களாம்."

கதவுக்கு வெளியே நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"போட்டுடட்டுமாக்கா?"

பக்கெட் நிரம்பி வழிந்து சரிதாவின் பாதத்தை நனைத்தது. அவள் குழாயை மூடவில்லை. மூடினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.